இரண்டு தூண்டிலுக்கு ஒரு வாரம்

யோருனின் பண்ணை முற்றத்தில் பழனிச்சாமி தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது, காரை அப்படியே திருப்பிக்கொண்டு ஒஸ்லோவுக்குப் போய்விடலாமா என்று சிவானந்தனுக்கு ஒரு கணம் தோன்றியது. காலையிலிருந்து கார் ஓட்டி வந்த களைப்பு ஒரு பக்கம். "அந்த மனுசன் வரமாட்டார்" என்று மனைவி வசந்தமலரிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்த வெட்கம் இன்னொரு பக்கம். பழனிச்சாமியின் முகத்திலும் அதே திகைப்புத்தான். இவர் வரமாட்டார் என்று நம்பித்தான் அவரும் ரயிலேறி, பஸ் மாறி வந்திருந்தார்.

"வாங்க," என்றார் பழனிச்சாமி, பெட்டியை விட்டு எழுந்து.

"ஓம். வந்திட்டன்," என்றார் சிவானந்தன்.

பண்ணைக்காரி யோருனின் வீட்டுக் கதவையே இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு காலத்தில் இவர்களைப் பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. சிவானந்தன் யாழ்ப்பாணத்தவர். எண்பதுகளில் அகதியாக வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் நின்று, பிறகு ஒஸ்லோ நகரசபையின் குடிநீர்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். பழனிச்சாமி கோயம்புத்தூர்ப் பக்கம். பாறைகளை ஆராயும் ஒரு நிறுவனத்துக்கு வேலையாக வந்து தங்கிவிட்டவர். சால்மன் மீனுக்குத் தூண்டில் எறியக் கற்றுக்கொடுக்கும் ஒரு மாலை வகுப்பில் தமிழர் என்று இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். சோடி சேரச் சொன்னபோது இயல்பாகவே சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பேசும் தமிழை மற்றவர் பாதி புரிந்தும் பாதி சிரித்தும் கேட்டார். அந்தச் சிநேகம் குடும்பங்களுக்குள் போய், பழனிச்சாமியின் மகன் ஆதித்யாவும் சிவானந்தனின் மகள் யதுர்ஷாவும் ஒருவரையொருவர் விரும்பி, தாங்களாகவே வந்து சொன்னபோது, தகப்பன்மார் இருவரும் அதைத் தங்களுடைய சாதனையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் இரண்டு வருடம்தான் நிலைத்தது. ஆதித்யாவுக்கு ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி வேலை, பாதி நாள் கடலில். யதுர்ஷாவுக்கு பேர்கன் ஆஸ்பத்திரியில் வேலை. தூரம்தான் காரணம் என்று ஆதித்யாவின் வீட்டில் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த நாளிலும் அவன் வாய் திறப்பதில்லை என்று யதுர்ஷா வீட்டில் சொன்னாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஏப்ரலில் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பிரிவுக்குப் பதிந்துவிட்டு வந்தார்கள். சண்டை போட்டது தகப்பன்மார்தான். "உங்க பொண்ணு கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்று பழனிச்சாமி போனில் சொல்ல, "உங்கடை மகனுக்கு வாய் எண்டு ஒண்டு இருக்கோ" என்று சிவானந்தன் கேட்க, அன்றைக்கு வைத்த போனை இருவரும் அதன்பிறகு எடுக்கவில்லை.

ஆனால் ஆற்றை மட்டும் இருவராலும் விட முடியவில்லை. ட்ரொண்ட்ஹைமுக்குத் தெற்கே ஓடும் ஊர்க்லா ஆற்றில், யோருனின் பண்ணைக்குச் சொந்தமான கரையில் மேல்மடு, கீழ்மடு என்று இரண்டு ஆழமான இடங்கள் உண்டு. ஒரு வாரத்துக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் அவள் விடமாட்டாள். ஒவ்வொரு ஜூலையும் கடைசி நாளில் அடுத்த வருடத்துக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒருமுறை வராமல் விட்டால் அந்த வாரம் வேறு யாருக்கோ போய்விடும், பிறகு ஆயுளுக்கும் கிடைக்காது. போன ஜூலையில் சம்பந்திகளாக நின்று, தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்லி வைத்த வாரம் இது.

யோருன் குடிசைச் சாவியோடு வந்தாள். அறுபது தாண்டியும் ட்ராக்டர் ஓட்டுகிற பெண். தூண்டில், சப்பாத்து எல்லாம் கிருமிநீக்கியதற்கான சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இளஞ்சோடி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார்கள் என்று இருவரும் நொர்வேஜிய மொழியில் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் போனபிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக் குடிசைக்கு நடந்தார்கள்.

குடிசையில் ஒரே அறை. சுவரோடு இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேசை. முதல் இரண்டு நாளும் மரியாதையிலேயே கழிந்தன. "நீங்க மொதல்ல போங்க" என்பார் பழனிச்சாமி. "இல்லை, நீங்கள் போங்கோ, எனக்கு அவசரமில்லை" என்பார் சிவானந்தன். சம்பந்தி என்று கூப்பிடவும் முடியாமல், பழையபடி பெயர் சொல்லவும் வாய் வராமல், மொட்டையாகவே பேசினார்கள். ஒருவர் மேல்மடுவில் நின்றால் மற்றவர் கீழ்மடுவில். பழனிச்சாமி தனக்கு ரசம் வைத்தார். சிவானந்தன் தனக்கு முட்டை பொரித்தார். ஒரே அடுப்பில் இரண்டு சமையல்.

ஆறும் அவர்களுக்கு உதவவில்லை. பல நாளாக மழையில்லாமல் நீர் வற்றி, கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். இப்படிப்பட்ட நீரில் சால்மன் ஆழத்தில் அசையாமல் கிடக்குமே தவிர எதையும் தொடாது. ஆனாலும் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நீண்ட தூண்டிலை இரண்டு கையாலும் வீசி, இறகு கட்டிய முள்ளை அக்கரைப் பக்கம் எறிந்து, நீரோட்டம் அதை வளைத்துக்கொண்டு இக்கரைக்குக் கொண்டுவரும்வரை பார்த்திருந்து, கொஞ்சம் கீழே நகர்ந்து, மறுபடி எறிந்தார் சிவானந்தன். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்து செய்யும்போதுதான் மனம் எங்கெங்கோ போகிறது. வளைவுக்கு அப்பால் அந்த மனுசனும் இதையேதான் செய்துகொண்டு நிற்கிறார் என்ற நினைப்பு அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்குக் கதைக்கப் போனார். ஆற்றங்கரையில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எடுக்காது. பண்ணைப் பாதை பெரிய றோட்டில் ஏறும் இடத்தில், அந்தக் காலத்தில் பால் கேன்களை லொறிக்கு ஏற்றி வைத்த ஒரு பழைய மரமேடை உண்டு. அதில் ஏறி நின்றால்தான் எடுக்கும்.

"தனியவோ நிக்கிறியள்?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"ஓம். ஏன்?"

"எதிலயாவது இருங்கோ. இருந்தாப் பிறகு சொல்லுறன்."

மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பிள்ளை நேற்று பேர்கனிலை இருந்து லீவிலை வந்தவள். வாசலிலை கண்ட உடனை எனக்கு விளங்கிட்டுது. நாலு மாசம் தாண்டிட்டுதாம்."

சிவானந்தனுக்கு முதலில் கணக்கு ஓடவில்லை. பிறகு ஓடியது. பிரிவதற்கு முன்பு. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது போன் மகளின் கைக்குப் போய்விட்டது.

"அப்பா, கேளுங்கோ," என்றாள் யதுர்ஷா. "ஆதித்யா இப்ப கடலிலை, எண்ணெய் பிளாட்ஃபோர்மிலை நிக்கிறான். அடுத்த கிழமைதான் கரைக்கு வருவான். நான் ஸ்தவாங்கருக்குப் போய் நேரிலை சொல்லப்போறன். அதுக்கு முதல் வெளியிலை ஆருக்கும் தெரியக்கூடாது. இக்கெ எத் ஊர்ட், அப்பா. ஒரு சொல்லும் வேண்டாம்."

"அப்ப திரும்பச் சேரப்போறியளோ?"

"இல்லை. அது வேறை, இது வேறை. பிள்ளையை ரெண்டு பேரும் பார்ப்பம். ஒண்டா இருக்கமாட்டம்." கொஞ்சம் நிறுத்தினாள். "மாமா அங்கை வந்து நிக்கிறாரோ?"

"நிக்கிறார்."

"ஐயோ," என்றாள் மெல்ல. "அப்பா, பிளீஸ்."

"சொல்லமாட்டன்," என்றார் சிவானந்தன்.

திரும்பி நடக்கும்போது கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. கல்யாணம் முறிந்த வருத்தமும் பேரப்பிள்ளை வருகிற மகிழ்ச்சியும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தன. குடிசை வாசலில் பழனிச்சாமி தூண்டில் நரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எல்லாம் சௌக்கியமா?"

"ஓம், சுகமா இருக்கினம்," என்று உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அந்த மனுசனின் காதைப் பார்த்தார். ஆதித்யாவுக்கும் அதே மாதிரி மடிந்த காதுதான். அது இன்னொரு தலைமுறைக்குப் போகிறது, இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்தபோது திருடியவன் போல இருந்தது.

புதன்கிழமை மழை பிடித்தது. ஆற்றுக்குப் போக முடியாத அளவுக்குக் கொட்டியது. ஒரே அறையில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்வதைத் தவிர வேறு வழியில்லை. பழனிச்சாமி இரண்டு கோப்பையில் காப்பி போட்டு ஒன்றை இவர் பக்கம் நகர்த்தினார். நான்கு நாளில் மற்றவருக்காகச் செய்யப்பட்ட முதல் காரியம் அது.

"இதுதான் எனக்கு இங்க கடைசி வருஷம்," என்றார். "உங்ககிட்ட சொல்லிடலாம்னு நெனச்சேன். செப்டம்பர்ல ஊருக்கே கிளம்பறோம்."

"கோயம்புத்தூருக்கோ?"

"ஆமாங்க. ஒரு காலேஜ்ல கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமை போன் பண்ணிச் சரின்னு சொல்லணும். நாகலட்சுமிக்கு அந்த வீட்ல இருக்கவே முடியல. உங்க பொண்ணு வாங்கி வச்ச பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டு தினமும் அழறா. பையன் பாதி மாசம் கடல்ல இருக்கான், மீதி மாசம் பேசறதில்ல. நீங்க அன்னிக்குப் போன்ல கேட்டது சரிதான், அவனுக்கு வாயே கிடையாது. இனி யாருக்காக இங்க இருக்கறது, சொல்லுங்க."

சிவானந்தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல அவரிடம் ஒன்று இருந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கு அதன்மேல் கல்லாக இருந்தது. கூரையில் மழை அடித்தது. "நாகலட்சுமி அக்கா பாவம்," என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான், ஆனால் போதாது என்று அவருக்கே தெரிந்தது.

இரவு முழுக்க அவர் புரண்டுகொண்டு கிடந்தார். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சொல்லவும் கூடாது, இந்த மனுசனைப் போகவும் விடக்கூடாது. அப்படியென்றால் கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் போதும். மகளுக்குக் கொடுத்த வாக்கும் உடையாது. எல்லாப் பக்கத்தாலும் நியாயமாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஆறு ஏறி, தேநீர் நிறத்தில் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இப்படியான நீரில்தான் கடலிலிருந்து சால்மன் கூட்டமாக ஏறும். காற்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த பழனிச்சாமியிடம் சிவானந்தன் சொன்னார்.

"நாளைக்கு அந்தக் கொலேஜுக்குப் போன் எடுக்காதைங்கோ. கொஞ்சம் பொறுங்கோ."

"எதுக்குங்க?"

"அதை நான் சொல்லக்கூடாது. எனக்காகப் பொறுங்கோ. ஒரு ரெண்டு கிழமை."

பழனிச்சாமி ஒரு காலை உள்ளே விட்டபடி அப்படியே நின்றார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை மெல்ல ஏறி வந்தது.

"பசங்க பேசிக்கிட்டாங்களா?"

"நான் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்."

"சரி சரி. நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல," என்றார் பழனிச்சாமி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வாங்க சம்பந்தி, ஆத்துக்குப் போலாம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும், பிள்ளைகள் திரும்பச் சேர்ந்துவிட்டதாக அவர் நம்பிவிட்டார் என்று சிவானந்தனுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, அப்படியில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் இல்லை என்று சொன்னால், பிறகு எதற்காகப் பொறுக்க வேண்டும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லக்கூடாது. அவர் பின்னால் நடந்தார்.

பழனிச்சாமி அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். மேல்மடுவில் இறங்கி, பாடிக்கொண்டே எறிந்தார். இத்தனை வருடமும் அவர் தூண்டிலில் கடல் ட்ரவுட் வந்திருக்கிறதே தவிர சால்மன் வந்ததில்லை. சிவானந்தன் கரையில் கல்லொன்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆகும்போது, நரம்பு நீரோட்டத்தோடு வளைந்து வந்த இடத்தில் சட்டென்று நின்றது. தூண்டில் நுனி கீழே போனது.

"இழுக்காதைங்கோ," என்று கத்தினார் சிவானந்தன். "விடுங்கோ, அது திரும்பட்டும்."

மீன் திரும்பியது. உருளை கிறீச்சிட்டது. அடுத்த கணம் ஆற்றின் நடுவில் வெள்ளியாய் ஒரு முழு உடம்பு எழுந்து விழுந்தது. பழனிச்சாமி நரம்பைத் தளர்த்தி, இறுக்கி, தண்ணீரில் தடுமாறி, முழங்கால் கல்லில் மோத, மீன் கீழ்நோக்கி ஓட, அதன் பின்னால் கரையோரமாக ஓடினார். சிவானந்தனும் கைவலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேல்மடுவில் தொடங்கிய ஓட்டம் கீழ்மடுவின் வாயில் வந்துதான் ஓய்ந்தது.

"சம்பந்தி, அத்தாங்கு, அத்தாங்கு," என்றார் பழனிச்சாமி மூச்சு வாங்க. கைவலைக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் அந்தச் சொல் அவர் சிவானந்தனிடம் கற்றது.

சிவானந்தன் இடுப்பளவு நீரில் இறங்கி, மீனின் தலைப்பக்கமாக வலையைப் பிடித்துத் தூக்கினார். ஆண்மீன். இரண்டு கையாலும் தூக்கினாலும் கனத்தது. பெரிய பெண்மீன்களை விட்டுவிட வேண்டும் என்பது யோருனின் சட்டம். இதை வைத்துக்கொள்ளலாம். புல்லில் கிடத்தி, தலையில் ஒரே அடியில் முடித்துவிட்டு, பழனிச்சாமி அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

"இன்னிக்கு வெட்ட வேணாம்," என்றார் பிறகு. "யோருன்கிட்ட சொல்லி ஃப்ரீசர்ல வைக்கறேன். பசங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரட்டும். எங்க வீட்ல வச்சு, நீங்க உங்க ஊர்க் குழம்பு வைங்க. நாகலட்சுமி மீனைத் தொட மாட்டா, ஆனா அன்னிக்கு அவளே பரிமாறுவா, பாத்துக்கிட்டே இருங்க."

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணையை நோக்கி அவர் நடந்தார். ரப்பர் காற்சட்டையோடு, கொஞ்சம் நொண்டிக்கொண்டு. சிவானந்தன் ஆற்றோரமே நின்றார். வாக்கை உடைக்காமல் காரியத்தை முடித்துவிட்டதாக நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது, அது இன்னும் கசந்தது. மகளின் வாக்கையோ இந்த மனுசனின் நன்மையையோ மட்டும் நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. தன் கையில் இருந்த சந்தோஷத்தில் ஒரு துண்டையாவது தானே கொடுக்க வேண்டும் என்ற ஆசை. தான் ஒரு நல்லவன் என்று இந்தப் பழைய சிநேகிதன் நினைக்க வேண்டும் என்ற ஆசை.

பின்னேரம் பால்மேடைக்குப் போய் மகளை அழைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யதுர்ஷா கடைசிவரை கேட்டாள்.

"நீங்கள் சொல்லேல்லைத்தான், அப்பா. ஆனா இது சொன்னதை விட மோசம்."

"ஓம், பிள்ளை."

"நான் அவன்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும் எண்டு இருந்தனான். எங்களுக்குள்ளை ஒரு விஷயமாவது ஒழுங்கா நடக்கட்டும் எண்டு. இப்ப கடலுக்கு நடுவிலை நிக்கிறவனுக்கு ஆஃபிஸ் போனிலை சொல்லவேண்டிக் கிடக்கு. பக்கத்திலை ஆர் ஆரெல்லாம் நிப்பினமோ." அவள் குரல் உடைந்தது, பிறகு இறுகியது. "மாமா அப்படி நம்பிக்கொண்டு இருக்க விடேலாது. நாளைக்கு நான் ஆதித்யாவோடை கதைக்கிறன். அவன் மாமாவோடை கதைக்கட்டும். நீங்கள் இனி ஒண்டும் செய்ய வேண்டாம். ஒண்டுமே."

வெள்ளிக்கிழமை சிவானந்தன் கீழ்மடுவில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வயலுக்கு மேலே அந்த மரமேடை தெரியும். பழனிச்சாமி மனைவிக்கு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று உற்சாகமாகக் கிளம்பிப் போயிருந்தார். மேடையில் சிறிய உருவமாக அவர் நிற்பது தெரிந்தது. போனைக் காதில் வைத்திருந்தார். கை ஒருமுறை தலைக்குப் போனது. பிறகு உட்கார்ந்தார். போனை மடியில் வைத்த பிறகும் எழுந்து வரவில்லை. சிவானந்தன் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரைக்கு வந்து காத்திருந்தார்.

பழனிச்சாமி நேராக அவரிடம்தான் வந்தார்.

"செவ்வாக்கிழமையே உங்களுக்குத் தெரியுமாம்ல."

"ஓம்."

"நேத்து நான் அந்த மீனை வச்சுக்கிட்டு உளறினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"ஓம்."

"சொல்லக்கூடாதுன்னு உங்க பொண்ணு சொன்னா, சரி, சொல்லாம இருந்திருக்கலாம். நான் கோவிச்சிருக்க மாட்டேன். முழுசா சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருப்பேன். இப்படிப் பாதியக் காட்டி..." அவர் குரல் உயரவேயில்லை. "பையன் போன்ல, நீங்க தாத்தா ஆகப்போறீங்கப்பான்னு சொல்றான். எனக்கு மொதல்ல என்ன கேக்கத் தோணுச்சு தெரியுமா? அப்போ நீங்க ரெண்டு பேரும் சேரலையான்னு கேட்டேன். அவன் இல்லப்பான்னான். அழுதுட்டேன். அந்தக் கொழந்தையப் பத்தி மொதத் தடவ கேக்கறப்போ நான் அழுதிருக்கேன், சந்தோஷத்துல இல்ல. அது உங்களாலதான்."

"பிழைதான்," என்றார் சிவானந்தன். "உங்களைப் போகவிடக்கூடாது எண்டு நினைச்சன். மிச்சத்தை யோசிக்கேல்லை."

பழனிச்சாமி ஆற்றைப் பார்த்தபடி நின்றார். நீர் மறுபடி தெளியத் தொடங்கியிருந்தது. "எத்தன மாசம்?" என்று கேட்டார். நாலு தாண்டிவிட்டது என்றார் சிவானந்தன். டிசம்பர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பழனிச்சாமி மேல்மடுப் பக்கம் நடந்தார். தூண்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

சனிக்கிழமை குடிசையைக் கூட்டித் துடைத்தார்கள். அடுத்த வருடம் இதே வாரமா என்று யோருன் கேட்டபோது, சிவானந்தன் பழனிச்சாமியைப் பார்த்தார். பழனிச்சாமிதான், கடிதம் போடுகிறோம் என்றார். மீன் பெட்டியில் பனிக்கட்டியோடு வந்தது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. காரிலை வாங்கோ," என்றார் சிவானந்தன்.

பழனிச்சாமி யோசித்தார். பிறகு பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறினார்.

தூவ்ரே மலைமேட்டில் ஏறினார்கள். மரமேயில்லாத அந்தப் பெருவெளியைக் கடந்து, தொம்போஸில் காப்பி குடிக்க நிறுத்தினார்கள். பழனிச்சாமி கோப்பையைத் தொடாமல் வைத்திருந்தார்.

"நாகலட்சுமிக்கு இன்னும் சொல்லல," என்றார். "நேத்து ரெண்டு தடவ கூப்பிட்டேன். மீனைப் பத்தியே பேசிட்டு வச்சுட்டேன். ஆதித்யா அவங்கம்மாகிட்ட என்னைத்தான் சொல்லச் சொன்னான். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல." எண்ணை அழுத்திப் போனை இவர் பக்கம் நீட்டினார். "நீங்க சொல்லுங்க. இந்தத் தடவ முழுசா சொல்லுங்க."

சிவானந்தன் வாங்கினார். மறுமுனையில் நாகலட்சுமியின் குரல் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டார்.

"அக்கா, நான் சிவானந்தன் கதைக்கிறன். ரெண்டு விஷயம் சொல்லவேணும். பிள்ளையள் திரும்பச் சேரேல்லை, சேரவும் மாட்டினம். அதை முதல் கேட்டுக்கொள்ளுங்கோ." மூச்சு விட்டார். "மற்றது, யதுர்ஷாவுக்கு நாலு மாசம் தாண்டிட்டுது. டிசம்பரிலை எங்களுக்குப் பேரப்பிள்ளை."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அவ சாப்பிடறாளாங்க?" என்றாள் நாகலட்சுமி. "வாந்தி இருக்கா? எனக்கு ஆதித்யா வயித்துல இருந்தப்போ ஆறு மாசம் வரைக்கும் ஒண்ணும் எறங்கல."

"எனக்குத் தெரியேல்லை, அக்கா. நான் கேக்கேல்லை," என்றார் சிவானந்தன். தான் மகளிடம் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்க் காரடியில் நின்றார். கண்ணாடிக்கு அப்பால் பழனிச்சாமி பேசுவதும், தலையாட்டுவதும், ஒருமுறை சிரிப்பதும் தெரிந்தது.

லில்லஹாமர் தாண்டிய பிறகு பழனிச்சாமி சொன்னார். "காலேஜுக்குப் போன் பண்ணிட்டேன், நேத்தே. இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் வேணும்னா கூப்பிடுங்கன்னேன். உங்களுக்காக இல்ல."

"விளங்குது."

"அடுத்த வருஷம் போவோம். நாகலட்சுமி போகணும்னுதான் சொல்றா. கொழந்தை முகத்தைப் பாத்துட்டு, கொஞ்ச நாள் தூக்கி வச்சிருந்துட்டு." ஜன்னலைப் பார்த்தபடி, "உங்ககிட்ட எனக்கு இன்னும் கோவம் போகலைங்க," என்றார்.

"போகாது," என்றார் சிவானந்தன். "போக வேண்டாம். கதைச்சுக்கொண்டு இருந்தாச் சரி."

வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தால், சிவானந்தனின் வீடு இருக்கும் ரொம்மன்தான் முதலில் வரும். மீனை ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் பழனிச்சாமியை அவர் வீட்டில் இறக்குவதாக ஏற்பாடு. அந்த மீன் பெட்டியைச் சிவானந்தன் தூக்கியபோது, "அது பொண்ணுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழனிச்சாமி காரிலேயே உட்கார்ந்துகொண்டார். மேலே வருவதற்கு அவரைக் கேட்கலாமா என்று சிவானந்தனுக்குத் தெரியவில்லை. இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள்.

யதுர்ஷாதான் கதவைத் திறந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"மாமா பிடிச்சவர். உனக்காம்," என்றார்.

"உங்களோடை நான் இன்னும் கோவம், அப்பா."

"தெரியும், பிள்ளை. ஒழுங்காச் சாப்பிடுறியோ?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "காலமையிலைதான் ஏலாது," என்றாள். பிறகு அவர் தோளுக்கு மேலால் கீழே எட்டிப் பார்த்தாள். "மாமா ஏன் காருக்குள்ளை இருக்கிறார்?"

பதிலுக்கு நிற்காமல், வீட்டுச் செருப்போடு படிகளில் மெல்ல இறங்கிப் போனாள். சிவானந்தன் பெட்டியை அணைத்துக்கொண்டு மேல்படியில் நின்றார். அவள் கார்க் கண்ணாடியில் தட்டுவதும், கதவு திறப்பதும், பழனிச்சாமி நொண்டும் காலை முதலில் வெளியே வைத்து எழுந்து நிற்பதும் அங்கிருந்து தெரிந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பது இவருக்குக் கேட்கவில்லை. பனிக்கட்டி உருகி அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் பேசி முடியும்வரை அங்கேயே நின்றார்.